வேக்கம் கேஜ் வாங்கப் போகிறவருக்கு

முதல் வேலை, வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கார்புரேட்டர் எத்தனை இருக்கிறது என்று எண்ணுவது. சிரிக்காதீர்கள். பழைய ஜாவாவுக்கும் யெஸ்டி 250-க்கும் பின்னால் சைலன்சர் இரண்டு நீட்டிக்கொண்டிருக்கும். சிலிண்டர் ஒன்று, கார்புரேட்டரும் ஒன்று. சைலன்சரை எண்ணிவிட்டு, கார்புரேட்டர்களைச் சமன்படுத்தும் இந்த சிங்க் கருவிக்குப் பணம் கட்டுகிறவர், பிரம்மச்சாரி வீட்டுக்குத் தம்பதி சமரசம் பேசப் போன பெரியவர் மாதிரி, காபி குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்ததோடு பெரும்பாலான புது பைக்குகள் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. ஆகவே, இன்னும் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் உங்களிடம் பழைய வண்டி இருக்கிறது, வீட்டில் பேச்சு வாங்கும் தெம்பும் இருக்கிறது. தகுதி போதும்.

கார்புரேட்டர் இரண்டு இருந்தால், இரண்டும் ஒரே ஆக்சிலேட்டருக்குக் கட்டுப்பட்டவை. ஒன்று முந்தித் திறந்தால் அந்தச் சிலிண்டர் இழுக்கும், மற்றது சும்மா கூட வரும். ஐடிலிங்கில் கண்ணாடி அதிரும். மெக்கானிக் அண்ணன்கள் இரண்டு சைலன்சருக்கும் பின்னால் உள்ளங்கையைக் காட்டி, எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று சொல்லிவிடுவார்கள். இன்னும் சிலர் பெட்ரோல் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கார்புரேட்டர் வாயில் காட்டி, காற்று இழுக்கும் ‘ஸ்ஸ்’ சத்தத்தை ஒப்பிடுவார்கள். இந்த முறைகளில் பெரிய குறை, செலவே இல்லை என்பது. செலவில்லாத கருவியைப் படம் எடுத்து யாருக்கு அனுப்புவது?

ஃபரீதாபாத்தில் எஸ்கார்ட்ஸ் 1983 முதல் தயாரித்த ராஜ்தூத் யமஹா ஆர்.டி. 350 வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். உங்கள் டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு வேக்கம் கேஜ் தேவையில்லை. கேஜ் மாட்டத் தனித் துளையும் கிடையாது. ஒரே அளவுள்ள டிரில் பிட் இரண்டு போதும். எஞ்சினை அணையுங்கள் (இதையும் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது). ஏர் ஃபில்டர் ரப்பரைக் கழற்றி, டிரில் பிட்டின் வழவழப்பான தண்டுப் பக்கத்தை ஒவ்வொரு ஸ்லைடுக்கு அடியிலும் கவ்வக் கொடுங்கள். பையனைக் கூப்பிட்டு ஆக்சிலேட்டரை மெல்ல முறுக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் தளர்ந்து விழுந்தால் சரி. ஒன்று முந்தினால் அந்தக் கேபிளின் அட்ஜஸ்டரைத் திருத்துங்கள். ஆயில் பம்பைக் கழற்றி எறியாத நல்லவராக இருந்தால், அதன் கேபிளையும் கூடவே சரிபார்த்துவிடுங்கள். அவ்வளவுதான். ஏமாற்றமாக இருந்தால் கேஜையும் வாங்கிச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.

நான்கு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக்காரர்கள்தான் உண்மையில் செலவழிக்கப் பிறந்தவர்கள். 1969-ல் ஹோண்டா சிபி 750 நான்கு கார்புரேட்டரோடு வந்தது முதல் இந்தக் குலம் தழைத்திருக்கிறது. பழைய தலைமுறை பாதரசக் குழாய்களைத்தான் சிபாரிசு செய்யும். துல்லியம் என்னவோ உண்மை. ஆனால் ஒரு சிலிண்டர் மூர்க்கமாக இழுத்தால் பாதரசம் எஞ்சினுக்குள் போய், ஆவியாகிச் சைலன்சர் வழியே உங்கள் முகத்துக்கு வரும். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் எதனால் மூடப்பட்டது என்று தெரிந்த ஊரில் இதற்கு மேல் விளக்க வேண்டாம். யார் ஓசியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நான்கு டயல் கேஜ் கொண்ட செட் பார்க்க அழகு. வந்ததும் நான்கையும் ஒவ்வொன்றாக ஒரே சிலிண்டரில் மாட்டிப் பாருங்கள். நான்கும் வேறுவேறு எண் காட்டினால் அதிர்ச்சி வேண்டாம். மலிவு விலை செட்டின் சுபாவம் அது. எந்தக் கேஜ் எவ்வளவு பொய் சொல்கிறது என்று எழுதி ஒட்டிக்கொண்டால் அதை வைத்தே வேலை பார்க்கலாம். முள் காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கினால், மீன் தொட்டிக் கடையில் விற்கும் சின்ன காற்று வால்வை டியூபின் நடுவில் பொருத்தி, முள் அடங்கும்வரை இறுக்குங்கள்.

அந்தக் கடைக்குப் போனதே போனீர்கள், சில மீட்டர் டியூபும் வாங்கிவிடுங்கள். பலகையில் ‘யு’ வடிவில் கட்டி, பாதியளவு டூ ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றி, இரு முனைகளையும் இரண்டு சிலிண்டரில் மாட்டினால் அதுவே கருவி. சர்வீஸ் மேனுவல்கள் பலவும் சிலிண்டர்களுக்கிடையே 2 செ.மீ. பாதரச அளவு வித்தியாசத்தை மன்னிக்கும். அது தண்ணீரில் 27 செ.மீ.; ஆயிலில் இன்னும் அதிகம். அதாவது விலையுயர்ந்த டயலில் முள் நகர்ந்ததா இல்லையா என்று கண்ணை இடுக்க வேண்டிய பேதம், இங்கே ஒரு சாணுக்கு மேல் எழும்பி நிற்கும். எஞ்சினுக்குள் இழுத்துக்கொண்டாலும் கொஞ்ச நேரம் புகை வரும், அவ்வளவே. இத்தனை நல்ல கருவியை யாரும் மதிக்காததற்கு, அதற்குப் பெட்டி கிடையாது என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

எதை வாங்கினாலும் அது வித்தியாசத்தைத்தான் காட்டும், காரணத்தைச் சொல்லாது. டேப்பட் இடைவெளி தவறியிருந்தாலும், மேனிஃபோல்டு ரப்பர் வெடித்துக் காற்று இழுத்தாலும் முள் ஒரே மாதிரிதான் சாயும். அவற்றை முதலில் பார்த்துவிட்டு, எஞ்சினைச் சூடாக்கி, எதிரில் ஒரு மேசை விசிறியை ஓடவிட்டு உட்காருங்கள். கார்புரேட்டரை எட்ட டேங்கைக் கழற்றியிருப்பதால் குளுக்கோஸ் பாட்டிலில் பெட்ரோல் கட்டித் தொங்கவிடும் ஒர்க்‌ஷாப் வித்தை இங்கே உதவும். எஞ்சின் மேல் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பீடி பிடிக்கும் நண்பரைத் தெருமுனைக்கு அனுப்புங்கள். முதலில் 1-ஐயும் 2-ஐயும், பிறகு 3-ஐயும் 4-ஐயும், கடைசியாகத்தான் நடு ஸ்குருவால் இரண்டு ஜோடிகளையும் சேர்க்க வேண்டும். வரிசை மாறினால் பொழுது சாயும்வரை சுற்றிக்கொண்டே இருக்கலாம்.

முடித்ததும் வேக்கம் துளைகளின் ரப்பர் மூடிகளை மறக்காமல் மாட்டுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் காற்று இழுத்து ஐடிலிங் தாறுமாறாகும். நீங்களும் இதைவிட விலை கூடிய கருவி இருக்கிறதா என்று விசாரிக்கக் கிளம்பிவிடுவீர்கள்.