ஒற்றும் பொத்தானும்: மர்ம வாடிக்கையாளரின் மறைபதிவு குறித்த ஓர் ஆய்வு

வாங்கும் எண்ணம் சிறிதும் இல்லாமல், வாங்க வந்தவர் போலக் கடைக்குள் நுழைந்து, ஊழியர் எத்தனை நொடியில் வரவேற்றார், தம் பெயரைச் சொன்னாரா, தேவை என்னவென்று விசாரித்தாரா, இறுதியில் "எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று துணிந்து கேட்டாரா என்பனவற்றையெல்லாம் கண்டு, அந்தக் கடையின் உரிமையாளருக்கே கூலிக்கு அறிக்கை எழுதித் தருபவர் மர்ம வாடிக்கையாளர் எனப்படுகிறார். அமெரிக்காவில் 1940களில் இப்பெயரோடு பரவிய இத்தொழில், வங்கிகளிலும் கடைகளிலும் பணியாற்றுவோர் கல்லாவில் கை வைக்கிறார்களா என்று பார்ப்பதில் தொடங்கி, காலப்போக்கில் நாணயத்தை விட்டுவிட்டுப் புன்னகையைச் சோதிக்கத் தலைப்பட்டது. இதன் பல கிளைகளுள், அறிஞர்கள் ஏறெடுத்தும் பாராத ஒன்றை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அது மறைபதிவு. அதாவது, சட்டைப் பையில் ஒலிப்பதிவுக் கருவியையோ சட்டைப் பொத்தானில் கேமராவையோ வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவர் அறியாதவாறு உரையாடல் முழுவதையும் பதிந்து வரும் கலை.

இத்தகைய பதிவு ஏன் வேண்டியதாயிற்று என்ற வினாவுக்கு விடை மர்ம வாடிக்கையாளரின் நினைவாற்றலில் இருக்கிறது. திருத்தமாகச் சொன்னால், அது இல்லாமையில் இருக்கிறது. சாதாரணத் துரித உணவகச் சோதனை ஒன்றிலேயே, வரிசையில் நின்ற நேரம், காசாளரின் பெயர், கூடுதலாக எதையேனும் வாங்கும்படி அவர் தூண்டிய சொற்கள், உணவு கைக்கு வந்த நொடி, மேசையின் தூய்மை, குப்பைத் தொட்டியின் நிலை ஆகிய அனைத்தையும் மனத்தில் ஏந்திக்கொண்டே, பசியோடு வந்தவர் போலச் சாப்பிடவும் வேண்டும். எழுதினால் வேடம் கலையும். எழுதாவிட்டால் விவரம் கலையும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியாக முன்னோர் கண்டறிந்தது கழிவறை. கதவைத் தாழிட்டுக்கொண்டு, ரசீதின் பின்புறத்திலோ உள்ளங்கையிலோ குறிப்பெழுதும் இவ்வழக்கத்தைக் கழிவறைக் குறிப்பு மரபு என்று வழங்கலாம். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குள் நான்கு முறை எழுந்து செல்பவரைப் பார்க்கும் ஊழியர்கள், அவர் உளவு பார்க்க வந்தவர் என்று எண்ணுவதைவிட, முந்தைய வேளை வேறெங்கோ சாப்பிட்டவர் என்று எண்ணி இரக்கப்படவே வாய்ப்பு அதிகம் என்பதால், இம்மரபு நெடுங்காலம் பாதுகாப்பாகவே விளங்கியது. கைபேசி வந்தபின் உள்ளங்கை எழுத்துப் போய், தமக்குத்தாமே குறுஞ்செய்தி அனுப்பிக்கொள்ளும் முறை வந்தது. பதிவுக்கருவி வந்தபின் கழிவறை மீண்டும் தன் பழைய பயன்பாட்டுக்கே திரும்பியது.

திருக்குறளின் பொருட்பாலில் 59ஆம் அதிகாரமாக அமைந்திருக்கும் ஒற்றாடலைப் படித்தவருக்கு இத்தொழிலில் புதுமை ஏதும் தோன்றாது. ஒற்றால் ஆராயப்பட வேண்டியவர்களைப் பட்டியலிடும் வள்ளுவர், பகைவரைக் கடைசியில் வைத்துத் தம்மிடம் வேலை செய்வோரையே முதலில் வைக்கிறார் என்பது அமெரிக்கக் கடை முதலாளிகள் கவனிக்கத்தக்கது. ஐயுறப்படாத வேடம், பார்ப்பவர் கண்ணுக்கு அஞ்சாமை, அறிந்ததை வெளியிடாமை ஆகிய மூன்றையும் ஒற்றனுக்கு இலக்கணமாகச் சொல்லும் அதே அதிகாரம், ஓர் ஒற்றன் சொன்னதை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கவும், ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல் ஒத்திருந்தால் அதனைத் தெளியவும் பணிக்கிறது. ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்யக் கூடாது என்ற எச்சரிக்கையும் அங்கே உண்டு. இவற்றுள் மர்ம வாடிக்கையாளரை அனுப்பும் முகமைகள் மிகுந்த விசுவாசத்தோடு பின்பற்றுவது இறுதி அறிவுரையையே. அவை தரும் கூலியைக் கொண்டு எவரும் சிறப்பித்ததாக ஐயுற முடியாது. மூவர் சொல் ஒத்திருக்க வேண்டும் என்ற விதியோ, பொத்தானுக்குள் கேமரா புகுந்தபின்தான் உண்மையான சோதனைக்கு உள்ளாயிற்று.

பொத்தானுக்குள் கேமரா புகுந்த வரலாறு பலரும் நினைப்பதைவிடப் பழையது. ராபர்ட் கிரே என்பவர் வடிவமைத்து, ஸ்டிர்ன் என்ற வணிகரின் பெயரில் 1886ஆம் ஆண்டு வாக்கில் விற்பனைக்கு வந்த மறை கேமரா, தட்டு வடிவில் மார்பின்மேல் தொங்கியது. மேலங்கியின் பொத்தான் துளை வழியாக அதன் வில்லை மட்டும் எட்டிப் பார்த்தது. வட்டமான ஒரே கண்ணாடித் தகட்டில் ஆறு வட்டப் படங்களை அதனால் எடுக்க முடிந்தது. நார்வேயில் மாணவராக இருந்த கார்ல் ஸ்டோர்மர், 1890களில் இக்கருவியை அணிந்துகொண்டு இன்றைய ஆஸ்லோவின் கார்ல் யோகான் தெருவில் உலாவி, எதிர்ப்படுவோருக்கு வணக்கம் தெரிவித்து, அவர்கள் பதில் வணக்கம் செலுத்தும் கணத்தில் பைக்குள் இருந்த கயிற்றை இழுத்துப் படமெடுத்தார். இவ்வாறு அகப்பட்டவர்களுள் நாடகாசிரியர் இப்சனும் ஒருவர். ஸ்டோர்மர் பிற்காலத்தில் கணித அறிஞராகவும் வடதுருவ ஒளியின் ஆய்வாளராகவும் புகழ்பெற்றார் என்பதையே அறிவியல் வரலாறு பெரிதாகச் சொல்கிறது. மறைபதிவியல் நோக்கில் பார்த்தால் அவருடைய தலையாய பணி வேறு. வணக்கத்துக்குப் பதில் வணக்கம் உரிய நேரத்தில் வந்ததா என்பதைச் சான்றோடு நிறுவிய முதல் மர்ம வாடிக்கையாளர் அவரே. இன்றைய முகமைகள் கேட்கும் முதல் வினாவும் அதுவே. இப்சன் அந்த வினாவில் தேறியிருக்கிறார்.

இன்றைய கருவி அளவில் சிறுத்திருக்கிறது, தொல்லையில் சிறுக்கவில்லை. சீட்டுக்கட்டு அளவிலான பதிவுப்பெட்டி ஒன்று பையிலோ இடுப்பிலோ இருக்க, அதிலிருந்து மெல்லிய கம்பி சட்டைக்குள் ஏறிப் பொத்தான் போலத் தோன்றும் வில்லையில் முடிகிறது. தைவான் தயாரிப்பான பிவி-500 வரிசைக் கருவிகள் இத்தொழிலில் நன்கு அறிமுகமானவை. புது வீட்டு விற்பனையகங்களும், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாடகை அலுவலகங்களும், முதியோர் இல்லங்களும் இத்தகைய காணொளிச் சோதனைகளை மிகுதியாக நாடுகின்றன. இவற்றில் விற்பவர் ஒரே ஆளோடு நெடுநேரம் பேச வேண்டியிருப்பதும், அப்பேச்சை விற்பனைப் பயிற்சிக்குப் பின்னர் போட்டுக் காட்டலாம் என்பதும் காரணங்கள்.

இங்கே உடற்கூற்றியல் குறுக்கிடுகிறது. கண் இருப்பது முகத்தில். பொத்தான் இருப்பது மார்பில். குள்ளமானவர் அணிந்த பொத்தான் நெட்டையான விற்பனையாளரின் கழுத்துப்பட்டையை ஒரு மணி நேரம் படம் பிடிக்கிறது. நெட்டையானவரின் பொத்தான் குள்ளமானவரின் உச்சந்தலையையும் அதற்கு அப்பாலுள்ள சுவரையும் பிடிக்கிறது. சற்றே தொந்தி உள்ளவர் அணிந்தால் வில்லை மேல்நோக்கிச் சாய்வதால், கூரையில் சுழலும் மின்விசிறி துல்லியமாகப் பதிவாகிறது. உட்கார்ந்தவுடன் மேசை விளிம்பு திரையின் பாதியை விழுங்கும். நீண்ட கூந்தலோ கழுத்துத் துண்டோ கைப்பையின் வாரோ ஓர் அங்குலம் நகர்ந்தால் முழு இருள். ஆகவே, முதுகை நிமிர்த்தி, நாற்காலியின் நுனியில் அமர்ந்து, கழுத்தை மட்டும் திருப்பாமல் பேசுபவரை நோக்கி மார்போடு திரும்பிப் பழக வேண்டும் என்று இத்தொழிலில் தேர்ந்தோர் அறிவுறுத்துவர். பெரியோர் முன்னிலையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் நம்மவர் வழக்கம் இத்தொழிலுக்கு அறவே ஆகாது. அப்பணிவு கருவியின் கண்ணை மூடிவிடும். விளைவாக, சாதாரணமாகக் கூன் போட்டு நடக்கும் மனிதர் ஒருவர், வாடகை வீடு பார்க்கும் அந்த ஒரு மணி நேரம் மட்டும் குடியரசு நாள் அணிவகுப்பில் நடப்பவர் போலக் காட்சியளிக்கிறார்.

ஒலியின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. ஒலிவாங்கி மார்பில் ஒட்டியிருப்பதால், எதிரில் உள்ளவரின் குரலைவிட அணிந்திருப்பவரின் குரலும், அதனினும் மேலாகத் துணி உரசும் ஓசையும், பையில் உள்ள சாவிக்கொத்தும், மாடிப்படி ஏறியபின் வாங்கும் மூச்சும், உணவு வேளை தவறியிருந்தால் வயிற்றின் முறையீடும் மிகத் தெளிவாகக் கேட்கின்றன. பெரிய குடியிருப்பு வளாகங்களில் வீட்டைக் காட்டக் கோல்ஃப் வண்டியில் அழைத்துச் செல்லும் வழக்கம் உண்டு. அப்போது விற்பனையாளர் நீச்சல்குளத்தைப் பற்றிச் சொல்லும் அனைத்தையும் காற்று கொண்டுபோகிறது. மேலும், பதிவை இடையில் வெட்டி ஒட்டவில்லை என்று காட்டுவதற்காக, காரில் இருக்கும்போதே கருவியை முடுக்கி, நாளையும் நேரத்தையும் இடத்தையும் வாயால் சொல்லித் தொடங்க வேண்டும் என்றும், மீண்டும் காருக்கு வந்து சேரும்வரை அதை அணைக்கக் கூடாது என்றும் விதிகள் உண்டு. ஆகவே, விற்பனையாளர் வரும் முன்பே, மர்ம வாடிக்கையாளர் தம் வேடக்கதையை, அதாவது வேலை மாற்றலாகி இந்நகருக்கு வருபவர், இரண்டு படுக்கையறை வேண்டும், அடுத்த மாதம் குடியேற வேண்டும் என்பன போன்ற புனைவை, காருக்குள் முணுமுணுத்து ஒத்திகை பார்ப்பதும், எல்லாம் முடிந்து திரும்பியபின் அவர் விடும் பெருமூச்சும், விற்பனையாளரைப் பற்றி அவர் தனிமையில் சொல்லும் ஒற்றைச் சொல் விமர்சனமும் பதிவில் ஏறிவிடுகின்றன. அவ்விமர்சனம் அறிக்கையில் உள்ள நாகரிகமான வாக்கியங்களோடு பெரும்பாலும் முரண்படும்.

இதிலிருந்து பெறப்படும் முடிபு இது: மறைகருவி முதன்மையாக வேவு பார்ப்பது அதை அணிந்தவரையே. விற்பனையாளரைப் பற்றி அது தருவது கழுத்துப்பட்டையும் பாதிச் சொற்களும். அணிந்தவரைப் பற்றியோ, அவர் சொன்ன பொய், அதைச் சொல்லும்போது குரல் ஏறிய அளவு, முதலில் ஒரு பிள்ளை என்றவர் நீச்சல்குளத்தருகே இரண்டு பிள்ளைகள் என்றது ஆகிய அனைத்தையும் ஐயத்துக்கு இடமின்றித் தருகிறது.

சட்டம் இதனை எவ்வாறு நோக்குகிறது என்பதையும் கூற வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பொதுத் தொலைபேசிக் கூண்டிலிருந்து பந்தயத் தகவல் சொன்ன கேட்ஸ் என்பவரின் பேச்சைக் கூண்டின் வெளிப்புறத்தில் கருவி பொருத்திக் கேட்ட எஃப்.பி.ஐ.யின் செயல் தவறு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967இல் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு வந்த நடுவண் சட்டம், உரையாடுவோருள் ஒருவர் இசைந்தாலே பதிவு செய்யலாம் என்றது. பதிவு செய்பவரும் உரையாடுபவர்தாம் என்பதால் அவர் தமக்குத்தாமே இசைவளித்துக்கொள்ளலாம். ஆனால் கலிஃபோர்னியா, ஃப்ளோரிடா, பென்சில்வேனியா, மேரிலாந்து உள்ளிட்ட சில மாநிலங்கள், அந்தரங்கமான பேச்சாயின் அனைவரின் இசைவும் வேண்டும் என்கின்றன. கலிஃபோர்னியாவில் மீறல் ஒன்றுக்கு 5,000 டாலர் இழப்பீடு கோர முடியும். ஒலியில்லாத காணொளியை இப்பேச்சுச் சட்டங்கள் பொதுவாகத் தொடுவதில்லை என்பதால், கண்ணைவிடக் காதே ஆபத்தான உறுப்பு என்று அமெரிக்கச் சட்டம் கருதுவதாகக் கொள்ளலாம். மாமியார் வீட்டில் வாழ்ந்தவர் எவரும் இதை மறுக்கமாட்டார்.

மறைகருவியோடு அங்காடிக்குள் நுழைவதற்கு ஒரு விலையும் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. ஃபுட் லயன் என்ற பேரங்காடியில் தன் செய்தியாளர்கள் வேலைக்குச் சேர்ந்து, உடலில் மறைத்த சிறு கேமராக்களால் இறைச்சிப் பிரிவைப் படமெடுத்ததை, 1992இல் ஏபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பியது. வட கரோலினா நடுவர் குழு அதற்காக 55 லட்சம் டாலருக்கு மேல் தண்டத்தொகை விதித்தது. அத்தொகை நீதிபதியால் குறைக்கப்பட்டு, 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தால் நீக்கப்பட்டபோது, அத்துமீறி நுழைந்ததற்கு ஒரு டாலர், ஊழியர்க்குரிய விசுவாசத்தை மீறியதற்கு ஒரு டாலர் என இரண்டு டாலரே எஞ்சியது. செய்தியாளர்களைப் போலன்றி மர்ம வாடிக்கையாளரை அனுப்புபவர் கடையின் உரிமையாளரே என்பதால் அத்துமீறல் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. ஆயினும் விலை நிலவரம் அறிந்திருப்பது நல்லது.

இந்தச் சட்டச் சிக்கலிலிருந்து தப்ப, வேலையில் சேரும்போதே ஊழியரிடம் "நான் என்றேனும் பதிவு செய்யப்படலாம்" என்று கையொப்பம் பெற்றுக்கொள்வது வழக்கம். இதனால் மறைபதிவின் மறைவு பெரிதும் போய்விடுகிறது. என்றோ ஒரு நாள், யாரோ ஒருவர், ஏதோ ஒரு பொத்தானோடு வருவார் என்று அறிந்த ஊழியர், வருகின்ற ஒவ்வொருவரின் சட்டையையும் ஏற இறங்கப் பார்க்கத் தொடங்குகிறார். கேள்விகளை ஒழுங்கான வரிசையில் கேட்பவர், நிமிர்ந்து உட்கார்பவர், ஊழியரின் பெயரை இருமுறை உச்சரித்துப் பார்ப்பவர் ஆகியோர் ஐயத்துக்குரியோர் ஆகின்றனர். இவ்விலக்கணங்கள் பல, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்களுக்கும் பொருந்தும் என்பதால், அவர்களுக்கு எதிர்பாராத அளவில் மரியாதை கிடைத்துவருகிறது. உண்மையான மர்ம வாடிக்கையாளரோ, கம்பி நழுவிவிட்டதோ என்ற கவலையில் கேள்வியை மறந்து திருதிருவென்று விழிப்பதால், யாராலும் ஐயுறப்படுவதில்லை.

எஞ்சியிருப்பது மூவர் சொல் பற்றிய விதி. இத்தொழிலில் முதல் ஒற்று மர்ம வாடிக்கையாளர். இரண்டாம் ஒற்று கருவி. மூன்றாம் ஒற்று, முகமையில் அமர்ந்து அறிக்கையையும் பதிவையும் ஒப்பிட்டுப் பார்க்கும் திருத்துநர். உடனே வரவேற்றார் என்று முதலாமவர் எழுதுவார். வரவேற்பு கேட்கும் முன் வெகுநேரம் காலடி ஓசையே கேட்கிறது என்று கருவி சொல்லும். அது காலடி ஓசை அன்று, சாவிக்கொத்து என்று திருத்துநர் கருதுவார். பின்னர் விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வரும். அதற்குப் பதில் எழுத மர்ம வாடிக்கையாளர் மீண்டும் தம் நினைவாற்றலையே நாட வேண்டியிருக்கும். மூவர் சொல் ஒத்திருந்தால் தெளியலாம் என்ற விதியில் பிழையில்லை. ஒவ்வாதபோது கூலி யாருக்கு நிறுத்தப்படும் என்பதை மட்டும் அவ்வதிகாரம் சொல்லவில்லை. நடைமுறையில் அது முதல் ஒற்றுக்கே நிறுத்தப்படுகிறது.

அமெரிக்காவில் வாடகை வீடு தேடும் வாசகர்கள், நல்ல கவனிப்பு வேண்டுமாயின், சற்றே பெரிய பொத்தான் வைத்த கருஞ்சட்டை அணிந்து, நாற்காலி நுனியில் நிமிர்ந்து அமர்ந்து, விற்பனையாளரின் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்பார்களாக. கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.