நாலு சக்கர நாயகர்

கோயம்புத்தூரில் எந்தப் பேட்டைக்குப் போனாலும் ஒரு ஜீப் சார் இருப்பார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவராக இருப்பார். இல்லையென்றால் பம்புசெட்டுக்கு உதிரிபாகம் செய்கிற பட்டறை வைத்திருப்பார். வீட்டில் எல்லோரும் போய்வர நல்ல கார் ஒன்று உண்டு. அது வாசலில் மழையில் நனையும். போர்டிகோவுக்குள், தார்ப்பாய் போர்த்தி, அதற்கும் மேலே பழைய பெட்ஷீட் ஒன்றும் போர்த்திக்கொண்டு நிற்பது ஜீப்.

அவரிடம், "வண்டி எந்த வருஷ மாடலுங்க?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. பதில் இரண்டாம் உலகப்போரில் தொடங்கும். அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ் கம்பெனி 1941-இல் ஜீப் செய்ய ஆரம்பித்ததைச் சொல்லி, 1947-இல் மஹிந்திராக்காரர்கள் அதை பம்பாயில் பூட்டத் தொடங்கியதைச் சொல்லி, பெஜோ டீசல் எஞ்சின் வைத்த எம்.எம். 540-க்கு வந்து சேர்வதற்குள் நம் காபி ஏடு கட்டியிருக்கும். வண்டி எந்த வருஷம் என்பது மட்டும் கடைசிவரை தெரியாது. தெரியவும் வழியில்லை. ஆர்.சி. புத்தகத்தில் ஒரு வருஷம், எஞ்சினுக்கு ஒரு வருஷம், பாடி கட்டியது வேறொரு வருஷம்.

அந்த வண்டியில் மூன்று கியர் கம்பிகள் இருக்கும். பெரியது எல்லா வண்டியிலும் உள்ளது. பக்கத்தில் நிற்கும் இரண்டு குட்டிக் கம்பிகளில்தான் ஜீப் சாரின் உயிர் இருக்கிறது. ஒன்றைத் தள்ளினால் முன் சக்கரங்களுக்கும் இழுவை போகும். அதுதான் ஃபோர் வீல். மற்றது ஹை, லோ. முன் சக்கரம் சேராமல் லோ விழாதபடி உள்ளேயே ஒரு பூட்டு உண்டு. விருந்தாளி வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் சார் அந்தக் கம்பியின் குமிழைத் துடைத்துக்கொண்டே, "இதப் போட்டா செவுத்துல ஏறுமுங்க" என்பார். இதுவரை போட்டதுண்டா என்று கேட்டால் முகம் மாறிவிடும். "தேவையில்லாமப் போடக் கூடாதுங்க. தேஞ்சிரும்."

ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடிக்க ஆர்.எஸ். புரம் போய்வருவதற்கு ஃபோர் வீல் தேவைப்படாது. மருதமலைக்கும் நல்ல தார்ச்சாலை. ஆகவே வருஷக்கணக்கில் அந்தக் கம்பி துடைக்கப்பட்டது, தள்ளப்படவில்லை.

இந்த விரதத்தை அவர் முறிப்பது சென்னையிலிருந்து மச்சினர் வரும்போதுதான். மச்சினர் வைத்திருப்பது புது எஸ்.யூ.வி. "மாமா, இதுல எல்லாமே பட்டன்" என்று அவர் சொன்ன கணத்தில் சாருக்குள் ஏதோ ஒன்று தெறித்துவிட்டது. பட்டப்பகலில், எலும்பாய்க் காய்ந்த அவினாசி ரோட்டில், முன் சக்கரங்களை அச்சோடு சேர்க்கும் ஹப் இரண்டையும் லாக் செய்து, ஃபோர் வீலைப் போட்டார்.

நேராகப் போகும்வரை ஒன்றும் தெரியவில்லை. யூ-டர்ன் எடுத்தபோது ஸ்டியரிங் இறுகியது; வண்டி முனகியது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட வட்டம் அடிக்கும். அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவில் இந்த வண்டியில் ஒன்றும் கிடையாது. சேற்றிலும் மணலிலும் டயர் கொஞ்சம் வழுக்கிச் சமாளித்துவிடும். தார்ச்சாலை வழுக்க விடாது. முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் பல்சக்கரப் பெட்டியிலும் ஏறி நிற்கும். போதாக்குறைக்கு, பார்க்க எடுப்பாக இருக்கட்டும் என்று சார் முன்னால் மட்டும் இரண்டு புது டயர் போட்டிருந்தார், பின்னால் வழுக்கை. சுற்றளவு மாறினால் நேர்ச்சாலையிலும் முறுக்கு ஏறும். இப்போது கம்பியை வெளியே இழுத்தால் வரவில்லை. மச்சினரும் சேர்ந்து இழுத்தார். சிக்னல் பச்சையாகி, சிவப்பாகி, மறுபடி பச்சையானது. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "ரிவர்ஸ்ல கொஞ்சம் போயிட்டு இழுங்க சார், தானா வரும்" என்றார். வந்தது. சார் அவருக்கு நன்றி சொல்லவில்லை. அவர் ஆட்டோவின் சைலன்சரில் புகை அதிகம் என்று மச்சினரிடம் சொன்னார்.

அதன்பின் ஹப்பை 'ஃப்ரீ'யில் விட்டவர் வருஷக்கணக்கில் தொடவில்லை. நிஜமான தேவை ஓர் ஐப்பசியில் வந்தது. தொண்டாமுத்தூர்ப் பக்கம் உறவுக்காரர் தோட்டத்தில் விசேஷம். ராத்திரி பெய்த மழையில் தோட்டத்துத் தடம் களியாகிக் கிடந்தது. கார்களெல்லாம் ரோட்டோரம் நின்றுவிட, சார் மட்டும், "ஏறுங்க எல்லாரும்" என்றார். பாதி தூரத்தில் பின் சக்கரங்கள் குழி பறித்தன. சார் பதறவில்லை. இந்த நாளுக்காகத்தானே காத்திருந்தார்! வேட்டியை மடித்துக் கட்டி இறங்கி, முன் சக்கரங்களின் நடுவிலிருக்கும் ஹப் குமிழை 'ஃப்ரீ'யிலிருந்து 'லாக்'குக்குத் திருப்பினார். ஏறி உட்கார்ந்தார். கம்பி விழுந்தது. லோவும் விழுந்தது. பெரியம்மாக்கள் பக்கம் திரும்பிப் புன்னகைத்துவிட்டு கிளட்சை விட்டார்.

பின் சக்கரங்கள் இன்னும் ஆழமாகத் தோண்டின. முன் சக்கரங்கள் அசையவில்லை. முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டதால் பெரியம்மாக்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஜீப்பை டிராக்டர் இழுத்தது.

அன்று சாயங்காலமே டீக்கடையில் ஆலோசனைக் கூட்டம். பல்சக்கரப் பெட்டிக்குள் ஃபோர்க் வளைந்திருக்கும் என்றார் ஒருவர். கம்பியைப் பிடித்து நிறுத்தும் குண்டும் ஸ்பிரிங்கும் போயிருக்கும் என்றார் இன்னொருவர். பெட்டியையே இறக்கிப் பிரித்தாக வேண்டும் என்று மூன்றாமவர் சொன்னபோது சாரின் கண்கள் பளபளத்தன. பழுது பெரிதாக இருந்தால்தானே வண்டியும் பெரிது! சென்னைப் புதுப்பேட்டையில் பழைய பெட்டி என்ன விலை என்று விசாரிக்க ஆள் அனுப்பினார். மாதக்கணக்கில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. "வண்டி எப்படிங்க?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "பெட்டி இறக்கணும்" என்று இருதய ஆபரேஷன் தேதி சொல்கிற குரலில் சொன்னார்.

கடைசியில் வண்டி பாயிடம் போனது. உக்கடத்தில் ஒரு வேப்பமரத்தடிதான் பாயின் பட்டறை. அதிகம் பேச மாட்டார். சார் வில்லிஸிலிருந்து ஆரம்பித்தபோது பாய் ஏற்கனவே வண்டிக்கு அடியில் இருந்தார்.

பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, முன்னால் போகும் ஷாஃப்டைக் கையால் சுழற்றினார். லேசாகச் சுற்றியது. "சார், குட்டிக் கம்பியப் போடுங்க." போட்டதும் மறுபடி சுழற்றினார். ஷாஃப்ட் கட்டுண்டு நின்றது. "பெட்டி நல்லாருக்கு." சாரின் முகம் வாடியது.

அடுத்து முன்பக்கம் ஜாக்கி. ஹப் இரண்டையும் லாக் செய்து, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினார். ஷாஃப்ட் கட்டுண்டிருக்கும்போது இந்தச் சக்கரத்தைச் சுற்றினால் அந்தச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். அது சும்மா நின்றது. "ஹப் புடிக்கல." ஒரு பக்க ஹப் பிடிக்காவிட்டாலே போதும், டிஃபரன்ஷியல் முழு இழுவையையும் அந்தப் பக்கமே விட்டுவிடும், முன்னால் இரண்டு சக்கரமும் தண்டம். மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினார். உள்ளே, எந்தக் காலத்திலோ அள்ளி அப்பிய கிரீஸ் பழுப்பேறிக் கெட்டியாகிக் கிடந்தது. வெளியே குமிழ் திரும்பினாலும், உள்ளே நகர்ந்து பல்லோடு பல் கோக்க வேண்டிய வளையம் அந்தக் கிரீஸில் சிக்கி அப்படியே இருந்தது. டீசலில் கழுவி, துணியால் துடைத்து, விரல் நுனியில் தொட்டு மெல்லிசாகப் புதுக் கிரீஸ் தடவி மூடினார் பாய். இரண்டு பக்கமும் முடிய ஒரு டீ நேரம் ஆயிற்று.

"எவ்வளவுங்க பாய்?"

"ஐநூறு குடுங்க."

"அவ்வளவுதானா?" என்றார் சார். மெக்கானிக்கிடம் இப்படிக் குறைபட்டுக்கொண்டவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். "எதுக்கும் பெட்டிய ஒருதடவை திறந்து..."

"வேண்டாம் சார். போடாமயே வெச்சிருந்ததுதான் கோளாறு. மாசம் ஒருக்கா மண்ணு ரோட்டுல ஹப்ப லாக் பண்ணி, ஃபோர் வீலப் போட்டு ரெண்டு கிலோமீட்டர் ஓட்டுங்க. தார் ரோட்டுல போடாதீங்க. நாலு டயரும் ஒரே அளவு போடுங்க. அப்புறம் எங்கிட்ட வரவே வேண்டாம்."

இதே விஷயத்தை வீட்டம்மா பல வருஷமாகச் சொல்லிவருகிறார். "ஏனுங்க, பட்டுச்சேலையக்கூட அப்பப்ப எடுத்து ஒதறி மடிப்பு மாத்தி வெக்கோணும். இல்லீனா மடிப்போட கிழிஞ்சுபோகும்." ஆனால் அவரிடம் ஜாக்கி கிடையாது. அதனால் சார் கேட்டதில்லை.

பாய் சொல்லுக்கு மறு சொல் ஏது? மறு மாதம் முதல் ஞாயிறு வைத்தியம் ஆரம்பமானது. அதற்குள் சித்திரை வந்துவிட்டது. கோவை முழுக்கத் தேடினாலும் சேறு இல்லை. பாய் கேட்டது வெறும் மண் ரோடுதான். சாருக்கு அது போதவில்லை. சோதனை என்றால் சேற்றில்தான். பக்கத்துக் காலி மனைக்குத் தண்ணீர் லாரி ஒன்றை வரவழைத்தார். லாரியைக் கண்டதும் தெருவே குடத்தோடு ஓடிவந்தது. பாதித் தண்ணீர் குடங்களுக்குப் போயிற்று. மீதிப் பாதியில் மனை சேறானது.

ஹப் லாக். குட்டிக் கம்பி. லோ. ஜீப் உறுமிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கி, ஒரு திணறல்கூட இல்லாமல் அந்தப் பக்கம் ஏறி நின்றது. சார் எஞ்சினை அணைத்துவிட்டு, மதில் ஓரமாக நின்ற பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஆவலாகக் கேட்டார்: "உள்ளயிருந்து தெரியலைங்க. முன் சக்கரமும் சுத்துச்சுங்களா?"

"சுத்துச்சுங்ணா," என்றார் அந்த அம்மா. "பின் சக்கரம் அடிச்ச சேறு எங்க காம்பவுண்டுல இருக்குது. முன் சக்கரம் அடிச்சது காயப்போட்ட துணியில இருக்குது. நாலும் நல்லா வேலை செய்யுது."