ஓம்சார்

எங்கள் அடுக்ககத்தின் மூன்றாவது மாடிக்காரருக்கு ‘ஓம்சார்’ என்று பெயர் விழுந்ததற்கு அவருடைய மாமியாரின் பக்திதான் காரணம். மகள் வீட்டோடு வந்து தங்கிய முதல் வாரத்திலேயே, மாப்பிள்ளை போனில் யாரிடமோ, “300 ஓம் இருந்தாத்தான் சார் ஒரு நிறைவு. 32 ஓம்லாம் ஆரம்பத்துல இருக்கறவங்களுக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்ததை அந்த அம்மாள் கேட்டுவிட்டார். உடம்பெல்லாம் புல்லரித்துப்போய், பால் வாங்கக் கீழே வந்த இடத்தில் எங்களிடம் சொன்னார்: “நூத்தியெட்டு சொல்றதுக்குள்ளயே நமக்கெல்லாம் நாக்கு வறண்டுடுது. எங்க மாப்பிள்ளை பேங்க் வேலைக்கும் போய்க்கிட்டு, தெனமும் 300 ஓம்!”

அது மந்திரமில்லை, மின்தடையின் அளவு என்று எடுத்துச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. பெயர் நின்றுவிட்டது.

நாமெல்லாம் பாட்டுக் கேட்க ஹெட்போன் வாங்குகிறோம். ஓம்சார் வெகுகாலம் ஹெட்போனைக் கேட்பதற்காகப் பாட்டு வாங்கிக்கொண்டிருந்தார். இப்போது அதையும் கடந்து, ஆம்ப்ளிஃபயரைக் கேட்பதற்காக ஹெட்போன் வாங்கும் படிக்கு வந்திருக்கிறார். செல்லமாக ‘ஆம்ப்’ என்பார். வாங்கிய விலையை வீட்டில் டாலரில்தான் சொல்வார். “நூத்தம்பதுதான்” என்று சொல்லும்போது குரல் சாதாரணமாக இருக்கும். சுங்கத் தீர்வைச் சீட்டு மட்டும் எப்படியோ எங்கள் வீட்டு லெட்டர் பாக்ஸில் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மாடிப்படியில் நின்று, “ஒரு பத்து நிமிஷம் இருக்குமா சார்?” என்று கேட்டால், அனுபவசாலிகள் மொட்டை மாடிக்குத் துணி காயப்போட ஓடிவிடுவார்கள். போன மே மாதம் ஒரு ஞாயிறு லிப்ட் வேலை செய்யவில்லை. நான் மாட்டிக்கொண்டேன்.

அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக ஃபேனை நிறுத்தினார். “நம்ம ஹெட்போன் மூணுமே ஓப்பன் பேக் சார். முதுகுப் பக்கம் திறந்திருக்கும். உள்ளே இருக்கற சத்தம் வெளிய போகும், வெளிய இருக்கற சத்தம் உள்ளே வரும். ஃபேன் ஓடினா நுணுக்கம் போயிடும்.” நுணுக்கத்தைக் காப்பாற்றிய இரண்டாவது நிமிடம் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மேசைமேல் மூன்று ஆம்ப். இடப்பக்கம் வால்வு ஆம்ப். அமெரிக்காவிலிருந்து உதிரி உதிரியாக வரவழைத்து அவரே சால்ட்ரிங் வைத்துக் கோத்தது. பெயர் பாட்டில்ஹெட் கிராக். ‘கிராக்’ என்றால் நம் ஊரில் என்ன பொருள் என்பதை அவர் மனைவி ஒரே ஒரு தடவை எடுத்துச் சொன்னாராம். அதில் 12ஏயூ7 ஒன்று, 6080 ஒன்று, ஆக இரண்டு வால்வு. சூடேறி ஆரஞ்சு நிறத்தில் கனல அரை மணி நேரம் கொடுக்க வேண்டும். அந்த வெளிச்சம் எடுப்பாகத் தெரிவதற்காக டியூப் லைட்டையும் அணைத்துவிட்டார்.

நடுவில் சோப்புப் பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கறுப்பு டப்பா. ஓ2 என்று பெயர். அதன் தலபுராணம் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. 2011-இல், நார்த்வெஸ்ட் ஏவி கை என்ற புனைபெயரில் முகம் காட்டாத ஒரு இன்ஜினீயர், நல்ல ஆம்ப் செய்யப் பெரிய பணம் தேவையில்லை என்று சொல்லி அதன் வரைபடத்தை ஊருக்கே இலவசமாகக் கொடுத்தார். மறு வருஷம் ஆள் காணோம். யார், எந்த ஊர், என்ன ஆனார், இன்றுவரை வெளியே வரவில்லை. “ஜீவசமாதி சார்” என்றார் ஓம்சார். பதினெட்டுச் சித்தர்களுக்கு அடுத்து அவர்தான்.

வலப்பக்கம், ஹாலிலிருந்து பெயர்த்து வந்த ஸ்பீக்கர் ஆம்ப். இது எதற்கு என்று கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். உடனே ஹைஃபைமேன் எச்ஈ-6 என்ற ஹெட்போனை என் தலையில் இறக்கினார். அரைக் கிலோ. “இது பிளேனார் சார். காந்தத்துக்கு நடுவுல ஒரு மெல்லிய படலம் ஆடும். தடை வெறும் 50 ஓம்தான், ஆனா மகா மந்தம். ஒரு மில்லிவாட் கொடுத்தா 83.5 டெசிபல்தான் பேசும். மத்த ஹெட்போன் பத்து மில்லிவாட்ல போடற சத்தத்தை இது போட அரை வாட் கிட்ட கேக்கும். அதனாலதான் உலகம் பூரா இதை ஸ்பீக்கர் ஆம்ப்ல மாட்டினாங்க.” படுத்துவிட்ட எருமையைக் கிளப்புவதைப் பற்றிப் பேசும் மாட்டுக்காரரின் பெருமிதம் அந்தக் குரலில் இருந்தது.

மற்ற இரண்டில் ஒன்று சென்ஹைசர் எச்டி 600. 1997-இல் வந்தது, நீலமும் சாம்பலுமாகப் பளிங்குக்கல் போல இருக்கும், காது இரண்டையும் கணக்கு வாத்தியார் மாதிரி பிடிக்கும். மாமியார் வணங்கும் 300 ஓம் இதுதான். இன்னொன்று கிராடோ எஸ்ஆர்80, 32 ஓம், பழைய யுத்தப் படத்தில் வயர்லெஸ்காரர் மாட்டியிருப்பதுபோல இருக்கும்.

“இப்ப கேளுங்க” என்று இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’டைப் போட்டார். 1986-இல் வந்த இசைத்தட்டு. முதல் நாற்பது வினாடி. சட்டென்று நிறுத்தி, பின்னைப் பிடுங்கி அடுத்த ஆம்பில் சொருகி, மறுபடி அதே நாற்பது வினாடி. மூன்று ஆம்ப், மூன்று ஹெட்போன், ஒன்பது முறை. ஒவ்வொன்றுக்கும் பிறகு கேள்வி.

“வயலின் எங்க இருக்கு?”

எனக்குத் தெரிந்து வயலின் பாட்டில் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “கொஞ்சம்… இடது பக்கமா தள்ளி உக்காந்திருக்காங்க சார்” என்றேன்.

“எத்தனை அடி?”

“ஒரு… ஆறு அடி?”

நோட்டில் குறித்துக்கொண்டார். அந்த நோட்டை எட்டிப் பார்த்தேன். ‘திரை விலகியது.’ ‘வெல்வெட், ஆனால் ஈரமான வெல்வெட்.’ ‘பேஸ் உருண்டை.’ ‘பின்னணி நல்ல இருட்டு.’ பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஏழாவது முறை கேட்டபோது அவர் புருவம் சுருங்கியது. “இந்த காம்பினேஷன்ல ட்ரெபிள் மட்டும் கொஞ்சம் விசிலடிக்குது, கவனிச்சீங்களா?”

கவனித்தேன். சமையலறையில் குக்கர் மூன்றாவது விசில் அடித்திருந்தது.

சமையலறை என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சால்ட்ரிங் வேலை முழுக்க ஓம்சார் செய்வது சமையல் மேடையில். மனைவி ஆட்சேபித்தால் சரித்திரத்தை எடுப்பார்: 1910-இல் நேதனியேல் பால்ட்வின் என்ற அமெரிக்கர் தன் வீட்டுச் சமையலறையில் வைத்துத்தான் ஹெட்போன் செய்து கடற்படைக்குக் கொடுத்தார். ஜோசப் கிராடோ 1953-இல் புரூக்ளினில் கம்பெனி ஆரம்பித்ததும் சமையலறை மேசையில்தான். “அந்த ரெண்டு வீட்டுலயும் பொம்பளைங்க எங்க சமைச்சாங்கன்னு யாராவது எழுதி வச்சிருக்காங்களா?” என்பது அந்த அம்மாளின் கேள்வி. சரித்திரத்தில் பதில் இல்லை.

அன்றைக்கும் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு அவரே ஆரம்பித்தார். “அண்ணே, நீங்களே சொல்லுங்க. ரசம் ஒண்ணு. அதைக் கரண்டிய மாத்தி மாத்தி ஊத்தினா ருசி மாறுமா?”

ஓம்சார் கோபப்படவில்லை. அவரிடம் உள்ள நல்ல குணம், விஷயம் உண்மையிலேயே தெரியும். “கரண்டி இல்லம்மா, குழாய். மேல டாங்க்லேர்ந்து வர்ற பைப் குறுகலா இருந்தா என்ன ஆகும்? குழாயை முழுசாத் திறந்தா தண்ணியோட வேகம் செத்துப்போகும், கொஞ்சமாத் திறந்தா பீச்சியடிக்கும். வால்வு ஆம்ப் குறுகல் பைப். அதோட வெளியீட்டுத் தடையே 120 ஓம் கிட்ட. இந்த சென்ஹைசர் மேல 300 ஓம்னு போட்டிருந்தாலும், கீழ் ஸ்தாயியில மட்டும் சுமார் 500 வரைக்கும் ஏறும். அதாவது அந்த இடத்துல குழாய் கொஞ்சம் மூடியிருக்கு, வேகம் கூடும், பேஸ் ஒரு டெசிபல் தூக்கிக் காட்டும். ஓ2 அகலமான பைப், ஒரு ஓம்கூட இல்லை. எப்படித் திறந்தாலும் வேகம் ஒண்ணுதான். பிளேனார்ல எல்லா ஸ்வரத்துக்கும் தடை ஏறக்குறைய ஒரே அளவு, அதனால அதுக்குப் பைப் மாறினாலும் ருசி மாறாது, சத்தம்தான் குறையும்.”

இவ்வளவு தெளிவாக எங்கள் பிளம்பர்கூடப் பேசியதில்லை. அதுவரை ஓரமாக நின்ற மகள், ஈசிஇ மூன்றாம் வருஷம், “அப்பா, அப்போ பைப் மாறாத இடத்துல வித்தியாசமே தெரியக் கூடாதே? நோட்டுல ஒம்பது காம்பினேஷனுக்கும் ஒம்பது ருசி எழுதியிருக்கீங்க?” என்றாள்.

அறையில் வால்வு கனலும் சத்தம்கூடக் கேட்டது.

1985-லேயே பாப் கார்வர் என்ற அமெரிக்கர், தன் டிரான்சிஸ்டர் ஆம்பை ஒரு விலையுயர்ந்த ஆம்ப் போலவே ஒலிக்கவைக்கிறேன் என்று பந்தயம் கட்டி, 48 மணி நேரத்தில் செய்து காட்டி, ஒலிப் பத்திரிகை ஆசிரியர்களையே திணறவைத்த கதை ஓம்சாருக்குத் தெரியும். கேட்டால், “அது ஸ்பீக்கர் சார். ஹெட்போன் வேற” என்பார். மகளிடம் அது செல்லவில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் அவர் ஆசையாக வாங்கிய மல்டிமீட்டரையே எடுத்து வந்தாள். ஒரே சுருதியில் ஊதும் ஒலியை ஓடவிட்டு, ஹெட்போன் மாட்டியபடியே வோல்டேஜ் அளந்து, ஒவ்வொரு ஜோடியையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்தாள். “அரை டெசிபல் கூடினாக்கூட, சத்தம் கூடியிருக்குன்னு நம்ம காது சொல்லாது அங்கிள். தெளிவு கூடியிருக்குன்னு சொல்லும்” என்று எனக்கு விளக்கம் வேறு. மேசைக்கு முன்னால் பெட்ஷீட் கட்டியாயிற்று. எந்த ஆம்ப் என்பதைக் காசு சுண்டித் தீர்மானிப்பாள். அப்பா கேட்டுச் சொல்ல வேண்டும், ஜோடிக்குப் பத்துத் தடவை.

முதலில் கிராடோ. ஒரு பக்கம் ஓ2. இன்னொரு பக்கம், அப்பாவுக்குத் தெரியாமல், தன் மொபைலில் மாட்டும் ஆப்பிள் டாங்கிள். சுண்டு விரல் நீளம், ஆயிரம் ரூபாய்க்குள் விலை. ஓம்சார் கண்ணை மூடி, கச்சேரியில் முன்வரிசை ரசிகர்போலத் தலையாட்டி, “ஆங்… இது வால்வு. இந்தக் கதகதப்பு வேற எதுலயும் வராது” என்றார். டாங்கிளின் கதகதப்பு. பத்தில் ஐந்து சரி. “நீங்க சொன்னதும் காசு சொன்னதும் ஒண்ணுதான்பா” என்றாள்.

அடுத்து எருமை. ஸ்பீக்கர் ஆம்புக்கும் ஓ2-வுக்கும் நடுவே, மிதமான சத்தத்தில், பத்தில் ஆறு. “கழுத்து வலியில கவனம் சிதறிடுச்சு” என்றார். அரைக் கிலோவுக்கு அந்தச் சலுகை நியாயம்தான்.

கடைசியாக 300 ஓம், வால்வும் ஓ2-வும். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வால்வு, ஓ2, ஓ2, வால்வு… தயங்கவே இல்லை. பத்தில் ஒன்பது! அவர் சொன்ன அதே குழாய், அதே கீழ் ஸ்தாயி, அதே ஒரு டெசிபல். எனக்கே கைதட்டத் தோன்றியது. மகளும் சிரித்துவிட்டாள். “இது நிஜம்பா. மத்த எட்டுதான் கற்பனை.”

ஓம்சார் நோட்டைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு ருசிகளையும் அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். பேனாவை எடுத்து ஓரத்தில் எழுதினார்: ‘மல்டிமீட்டர் மட்டமானது. நல்லதாக ஒன்று வாங்க வேண்டும்.’

இந்த அமர்க்களத்தில் மாமியார் உள்ளே வந்ததை யாரும் கவனிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, எச்டி 600-ஐக் கொண்டைக்கு மேலாக எடுத்து மாட்டிக்கொண்டு, “பேத்தி, அந்தப் பாட்டைப் போடு” என்றார். நாற்பது வினாடி ஆனது. ஓம்சாரின் கை பழக்கத்தில் பின்னைத் தேடிப் போயிற்று. அந்த அம்மாள் கையைத் தட்டிவிட்டார். பாட்டு போய்க்கொண்டே இருந்தது. நாற்பதாவது வினாடிக்கு அப்பால் அந்த வீட்டில் யாரும் போனதில்லை போலிருக்கிறது. மகளும் மனைவியும்கூடக் கிட்டே வந்து, ஹெட்போனின் திறந்த முதுகு வழியாகக் கசிந்ததைக் காது கொடுத்துக் கேட்டார்கள். முடிந்ததும் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இந்த 300 ஓமைத்தான் தினமும் சொல்லிட்டிருந்தீங்களா மாப்பிள்ளை? நல்லாருக்கு.”

ஓம்சார் அவர் முன்னால் மண்டி போட்டுவிட்டார். “அத்தை, உண்மையைச் சொல்லுங்க. எதுல கேட்டது உங்களுக்கு இவ்வளவு பிடிச்சிருக்கு?”

“இதோ, விளக்கு எரியற மாதிரி இருக்கே, இதுலதானே?”

“பாத்தீங்களா சார்!” துள்ளி எழுந்தார். “பழக்கமே இல்லாத காது! வால்வுன்னா வால்வுதான்!”

நான் மேசையைப் பார்த்தேன். பின் சொருகியிருந்தது நடுவிலிருந்த கறுப்பு டப்பாவில். மகளும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்து போய் ஃபேனைப் போட்டேன்.