கண்ணாடியை மாட்டுமுன்னே

ஏலே பேராண்டி, அந்தப் போனைக் கொஞ்சம் கீழ வையி. விடிஞ்சதுல இருந்து என்னத்தலே அப்படிப் பாத்துக்கிட்டு இருக்க? பாத்ரூமுக்குக் கண்ணாடியா? சுத்தி வெளக்கு எரியுமா? சரி, எரியட்டும். உள்ள தெரியப்போறது அதே மூஞ்சிதானலே?

இருக்கது 5க்கு 7 அடி ரூமு. வாளியைத் தூக்குனா முழங்கை செவத்துல இடிக்கும். அதுக்குக் கடல் நீலமா, காட்டுப் பச்சையான்னு ரெண்டு நாளா புருசனும் பொஞ்சாதியும் பேச்சுவார்த்தை. குளிக்கவன் கண்ணுல சோப்பு நொரை. அவனுக்குக் கடலு தெரியுமா, காடு தெரியுமா?

நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ஊத்துற தண்ணி எந்தப் பக்கம் போவும்?

முழிக்கான் பாரு! டைல்ஸ் நெறத்துக்கு இருபது படம் வச்சிருக்க. வாட்டத்துக்கு ஒரு படம் வச்சிருக்கியா? கதவுப் பக்கம் தொடங்கி ஜாலிப் பக்கம் வரைக்கும், அந்த 7 அடிக்கு ஒரு அங்குலமாவது எறங்கணும். தரையை வழுவழுன்னு ஒரே மட்டமா போட்டுக் குடுத்தாருன்னு கொத்தனாரைப் புகழாத. மூலையில கட்டி நிக்கத் தண்ணியை ஒன் பொஞ்சாதிதான் வெளக்கமாத்தை வச்சுத் தள்ளணும். அப்பம் அவ யாரைப் புகழுதான்னு கேளு.

பழைய டைல்ஸ் மேலயே புதுசை ஒட்டிரலாம், செலவு மிச்சம்னு ஒருத்தன் சொன்னானாக்கும்? சொல்லுவான். தரை ஒசந்துரும், கதவு அடியில இடிக்கும், குளிச்ச தண்ணி கட்டில் காலைத் தேடி வரும். உடைக்க வேண்டியதை உடைச்சுத்தான் ஆவணும்.

உடைச்ச கையோட யாரைக் கூப்பிடணும்? பெயிண்டர்ங்க. போலே! செவத்துக்குள்ள போறதுதான் மொதல்ல போணும். எலெக்ட்ரீசியன் வந்து காடி வெட்டட்டும். ஹீட்டரு 2000 வாட்ஸ் இழுக்கும். போனுக்குச் சார்ஜ் போடுத சின்ன பிளக்குல செருகுனா கருகிரும். 16 ஆம்பியர் பாயிண்டு, தனி வயரு. காத்தாடிக்கு ஓட்டையும் இப்பமே போட்டுரணும். டைல்ஸ் ஒட்டுன பெறவு டிரில்லை எடுத்துட்டு வந்து நிக்காத.

அடுத்தாப்ல பிளம்பர். சுடுதண்ணிக்கு சிபிவிசி பைப். பதிச்சதும் முனையெல்லாம் அடைச்சு, பம்ப் வச்சுத் தண்ணியை அழுத்தி, ஒரு ராத்திரி அப்படியே விடச் சொல்லு. “நம்ம வேலையில ஒழுகாது சார்”ம்பான். ஒழுகுன வீட்டுலயும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

பைப்பை மூடிப் பூசுன பெறவு வாட்டர் புரூஃபிங். காசைப் பாத்து கஞ்சத்தனம் பண்ணாத. தரையில ரெண்டு பூச்சு, செவத்துல ஒரு அடி ஒசரத்துக்கு ஏத்தி. ஷவர் பக்கம் இன்னும் மேல வரைக்கும். நல்லாக் காய்ஞ்சதும் ஜாலியை அடைச்சு, தண்ணியைக் கட்டி, ஒரு பகல் ஒரு ராத்திரி விடு. மறுநா கீழ் வீட்டுக்குப் போயி மச்சைப் பாரு. ஈரம் தெரிஞ்சா திரும்பப் பூசு. தெரியலைன்னா காப்பி குடுப்பாங்க, குடிச்சிட்டு வா.

மேல்மச்சுக்குப் பட்டி பாத்து மொதப் பூச்சு அடிக்கதை டைல்ஸுக்கு முன்னாலயே முடிச்சுரு. புதுத் தரையில பெயிண்டு சொட்டுனா தேய்க்கப்போறது நீயா, பெயிண்டரா?

அப்பறந்தான் ஒன் கடல் நீலம். செவத்துல அடிவரிசையை விட்டுட்டு ரெண்டாம் வரிசையில தொடங்கச் சொல்லு. தரை போட்ட பெறவு அடிவரிசை அது மேல உக்காரும். செவத்துல வடியிற தண்ணி இடுக்குல எறங்காம தரையில விழும். மறுநா இடுக்கை அடைச்சு, காய விட்டு, கக்கூசுக் கோப்பை, குழாய், கதவு. ஆகக் கடைசியில அந்த வெளக்கெரியிற கண்ணாடி.

இதுல ஒரு கள்ளத்தனம் கெடக்கு, கேட்டுக்கோ. கடைசியில வைக்க சாமானைத்தான் மொதல்ல வாங்கணும். தரைக்குள்ள எறங்குத கோப்பையில, செவத்துல இருந்து குழாய் நடு வரைக்கும் சிலதுக்கு 9 அங்குலம், சிலதுக்கு 12. அதுவும் டைல்ஸ் ஒட்டுன செவத்துல இருந்து அளக்கணும். டைல்ஸும் கலவையுமே ஒரு அங்குலத்தை முழுங்கிரும். குழாயைப் பதிச்சிட்டுக் கோப்பை வாங்கப் போறது, காலைப் பாக்காம செருப்பு வாங்குத கதை. ஷவருக்குச் செவத்துக்குள்ள வைக்க டைவர்ட்டரும் அப்படித்தான். சாமான் கையில இருந்தாத்தான் எம்புட்டு ஆழம் கொத்தணும்னு தெரியும். ஒன் இன்டீரியர் தம்பி முப்பது பக்கம் கலர்ல அச்சடிச்சுக் குடுத்தாரே, அதுல இந்த அங்குலக் கணக்கு எந்தப் பக்கத்துலலே இருக்கு? தேடு, தேடு.

அது கெடக்கட்டும். வீட்டுல இருக்கதே ஒரு கக்கூசு. நாளைக்குச் சம்மட்டி விழுந்தா, வேலை முடியிற வரைக்கும் நீங்க எல்லாரும் எங்கலே போவீங்க? தாத்தனுக்கு ராத்திரியில மூணு தடவை எந்திரிக்கணும், தெரியும்லா? ஒன் பட்டியல்ல அது எத்தனாவது?

சட்டையை மாட்டு. போயி அரைக்கிலோ அல்வா வாங்கி, சூடு ஆறுமுன்னே எதுத்த வீட்டு அத்தை கையில குடுத்துட்டு வா. சம்மட்டிக்காரனைப் பெறவு கூப்பிடலாம்.