இல்லத்துப் பெட்டியும் விளிமரபும்: ஓர் ஆய்வு

முன்னுரை

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் கூப்பிடுவதற்கென்றே ஓர் இயல் ஒதுக்கியிருக்கிறார். அதன் பெயர் விளிமரபு. எந்தப் பெயரை எப்படி விளிப்பது, ஈற்றெழுத்து எப்படித் திரியும், எது விளி ஏற்காது என்றெல்லாம் அதில் வகுத்துள்ளார். கூடத்து அலமாரியில் உட்கார்ந்திருக்கும் ஓர் உருண்டைப் பெட்டியை ஐந்து பேர் எப்படி விளிக்க வேண்டும் என்பதற்கு மட்டும் நூற்பா இல்லை. உரையாசிரியர்களும் இதைத் தொடாமல் சென்றுவிட்டனர். அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுப் பொருள்

கூப்பிட்டால் பதில் சொல்லும் பெட்டிக்கு நம் நாட்டில் வயது குறைவு. அமேசான் நிறுவனம் எக்கோவை அமெரிக்காவில் அறிமுகப்படுத்தியது 2014இல்; அது இந்தியாவுக்கு வந்தது 2017இல். அடுத்த ஆண்டு கூகுள் ஹோமும் வந்து சேர்ந்தது. ஒரே பெட்டி வீட்டிலுள்ள பலரின் குரல்களைப் பிரித்தறியும் ஏற்பாட்டை இரு நிறுவனங்களும் 2017இல் கொண்டுவந்தன.

இவ்வாய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பெட்டி எந்த நிறுவனத்துடையது என்பது மறைக்கப்படுகிறது. அதை எழுப்பும் சொல்லும் இங்கே தரப்படவில்லை. வாய்விட்டுப் படிக்கும் பழக்கமுள்ள வாசகர் வீட்டில் பெட்டி விழித்துக்கொண்டு, கட்டுரைக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் ஆய்வாளர் பொறுப்பேற்க இயலாது.

ஆய்வுக் களம்

களம், சென்னை நங்கநல்லூரில் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு வீடு. தகவலாளர்கள் ஐவர்: அப்பா, அம்மா, இவ்வாய்வாளர், அவர் மனைவி, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன். ஓர் அறையில் ஆய்வாளரும் மனைவியும். மற்றதில் தாத்தாவும் பேரனும். அப்பாவின் குறட்டையை முன்னிட்டு அம்மா கூடத்துத் திவானில் படுத்துக்கொள்கிறார். பெட்டியும் கூடத்தில்தான்.

இவ்வீட்டுக்குப் பொதுப்பொருள் புதிதல்ல. முன்பு ரேடியோ இருந்தது, எட்டாத உயரத்தில். பிறகு டெலிபோன் வந்தது. டயலில் குட்டிப் பூட்டோடு. அதன் பின் ஷட்டர் வைத்த டிவி. அரையாண்டுத் தேர்வு வந்தால் ஷட்டர் இறங்கிவிடும். பொது என்று சொல்லப்படும் எந்தப் பொருளுக்கும் ஒரு சாவி உண்டு, அந்தச் சாவிக்கு ஒரு சட்டைப்பை உண்டு என்பது இதனால் பெறப்படும். அன்று அது அப்பாவின் சட்டைப்பை. இன்று பெட்டியின் கணக்கு எவர் செல்போனில் இருக்கிறதோ அவருடையது. இங்கே அது இவ்வாய்வாளருடையது. இது பின்னர் முக்கியமாகும்.

நிறுவுதல்

பெட்டி முதலில் ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டது. கூடவே குடும்பப் பெயரையும். நம்மிடம் இருப்பது இனிஷியல். அதை விரித்து எழுதியதில் நானும் என் மனைவியும் அவரவர் தகப்பனார் பெயரால் இரண்டு குடும்பங்களாகப் பதிவானோம்.

அம்மாவுக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர், பிறந்த வீட்டில் வேறு பெயர். இந்த வீட்டுக்கு வந்தபின் 'இந்தா', 'ஏம்மா', 'அத்தை', 'பாட்டி' ஆகியவற்றாலேயே காலம் ஓடிவிட்டது. எந்தப் பெயரைப் போடட்டும் என்று கேட்டதற்கு, "அது என்னை எதுக்குடா கூப்பிடப் போகுது?" என்றார். இதற்கு ஆய்வாளரிடம் விடையில்லை.

அடுத்து, திரையில் வரும் ஆங்கில வாக்கியங்களை ஒவ்வொருவரும் உரக்கச் சொல்ல வேண்டும். அதிலிருந்து குரலின் தடத்தைப் பெட்டி எடுத்துக்கொள்ளும். அப்பா தந்தி அடிப்பதுபோல் சொன்னார். அம்மா வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் சொன்னார்.

கண்டறிந்தவை

1. சேய்மை விளி: தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடும்போது சொல் தன் அளவைக் கடந்து நீளும் என்பது தொல்காப்பியருக்கும் உடன்பாடு. அப்பா பால்கனியிலிருந்து பெட்டியை அழைத்தபோது அதன் ஈற்றுயிர் குறைந்தது ஆறு மாத்திரை ஒலித்தது. பெட்டி அசையவில்லை. அதில் பல மைக்குகள் இருக்கின்றன. ஒலி ஒவ்வொன்றையும் வந்தடையும் நேரத்தில் உள்ள மிகச் சிறு வேறுபாட்டை வைத்து, பேசுபவர் எந்தத் திசையில் இருக்கிறார் என்பதைக் கணக்கிடும். திசை தெரிந்த பெட்டிக்கு அளபெடை தெரியவில்லை. இலக்கணப்படி சரியாக விளித்தவர் அப்பா, வழுவியது பெட்டி.

2. பெயர் சொல்லா மரபு: இவ்வீட்டில் எவரும் எவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'என்னங்க', 'இங்க பாரு', 'டேய்' ஆகியவற்றால் ஐவர் எந்தக் குழப்பமுமின்றி வாழ்கின்றனர். 'ஏங்க' என்று சமையலறையிலிருந்து எழும் ஒரு சொல், கூடத்தில் இருக்கும் இரு கணவர்களில் எவருக்கு உரியது என்பது குரலாலேயே விளங்கிவிடும். பெட்டியோ தன் பெயரைச் சொன்னால்தான் விழிக்கும். போன் போடவும் பெயர் கேட்கும். காய்கறி வாங்கப் போன அப்பாவைப் பெட்டி வழியாக அழைக்க அவர் பெயரை அம்மா சொல்ல வேண்டும். ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லாத பெயர். பேரன் ஒரு வழி கண்டான். அந்த எண்ணைத் 'தாத்தா' என்று சேமித்தான். அம்மாவும் அப்படியே அழைத்தார். அன்று மாலை விவரம் தெரிந்த அப்பா, "நான் உனக்குத் தாத்தாவா?" என்று கேட்டார். இரவு உணவு அமைதியாக நடந்தது.

3. மகரக்கட்டு: பதிவு செய்த நாலாம் மாதம் மகனுக்கு மகரக்கட்டு உடைந்தது. பெட்டி அவனை விருந்தாளி ஆக்கிவிட்டது. பெற்றோர் இன்னும் குழந்தை என்று நினைத்திருந்த வேளையில், அவன் வளர்ந்துவிட்டதை முதலில் ஏற்றுக்கொண்டது பெட்டிதான். இரண்டாம் முறை பதிவு செய்யும்போது அவன் எவரையும் கூடத்தில் இருக்க விடவில்லை.

4. தந்தை மகன் குரல் மயக்கம்: 'நான் யார்?' என்று அப்பா பெட்டியிடம் கேட்டார். பெட்டி இவ்வாய்வாளரின் பெயரைச் சொன்னது. குரல் அவ்வளவு இளமையாக இருக்கிறது என்று அப்பா இதற்குப் பொருள் கொண்டார். மாற்றுப் பொருளை இவ்வாய்வாளர் எவரிடமும் சொல்லவில்லை.

5. பகல்நேர மௌனம்: அம்மா பெட்டியோடு நேரில் பேசியது அரிது. 'தாத்தா' நிகழ்வுக்குப் பின் அதுவும் முற்றிலும் நின்றது. தேவையென்றால், "டேய், அதுகிட்ட மழை வருமான்னு கேளு" என்று பேரனைத் தூது விடுவார்.

இணைப்பு: பதிவேடு

பெட்டியிடம் கேட்டவை எல்லாம் கணக்கு வைத்திருப்பவர் செல்போனில் நாள், மணியோடு சேரும். வேண்டியதைக் கேட்கலாம், அழிக்கலாம். முதல் முடிவுக்குச் சான்று தேட, அதாவது அப்பாவின் அளபெடைகளை எண்ண, இவ்வாய்வாளர் அதைத் திறந்தார்.

அதில் இரவு 1.50 இருந்தது. 2.35 இருந்தது. 3.20 இருந்தது. மறுநாளும் அப்படியே. எழுத்தில் 'டைம் எனிமி' என்று ஏறியிருந்தது. மகன் ஏதோ சினிமா தேடுகிறான் என்று நினைத்து ஒலியைக் கேட்டேன். அம்மாவின் குரல். பெட்டியின் பெயரை, நீட்டாமல், திருத்தமாக, யாரும் எழுந்துவிடக் கூடாது என்ற அளவில் சொல்லிவிட்டு, "டைம் என்னம்மா?" என்று கேட்டிருந்தார்.

இருட்டில் தெரியும்படி முள் ஒளிரும் பெரிய கடிகாரம் ஒன்று வாங்கித் திவானுக்கு எதிரே மாட்டினேன். மாட்டிய பிறகும் பதிவேட்டில் 2.35 வந்தது.

மறுநாள் காலை காபியின்போது கேட்டேன்: "ராத்திரி தூக்கம் வரலையாம்மா?"

"யார் சொன்னது?" என்றவர், என்னைப் பார்க்கவில்லை, அலமாரியைப் பார்த்தார். அன்றிலிருந்து பதிவேட்டில் இரவுக் குரல் இல்லை. தூக்கம் வந்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ள ஆய்வு இடம் தரவில்லை.

முடிவுரை

கருதுகோள்கள் அனைத்தும் மெய்ப்பிக்கப்பட்டன. பயன் ஏதும் விளையவில்லை. வருங்கால ஆய்வாளர்க்குப் பரிந்துரை ஒன்றே. உங்கள் வீட்டுப் பெட்டிக்கும் ஒரு பதிவேடு உண்டு. அதைத் திறப்பதற்கு முன், கூடத்தில் படுத்திருப்பவரிடம் தூக்கம் வருகிறதா என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.