குல்லாய் போட்ட குடும்பம்

திருச்சியில் குளிர்காலம் என்றால், மார்கழி விடியற்காலையில் ஃபேனை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைப்பது. அதற்கு மேல் குளிர் வேண்டுமென்றால் காசு கொடுத்து வெளியூரில்தான் வாங்க வேண்டும். அரையாண்டுப் பரீட்சை லீவில் நாங்கள் அப்படி வாங்கப் போனோம்: டெல்லி, அமிர்தசரஸ், சிம்லா.

ஊர் மூன்றானதற்குக் காரணம், வீட்டில் கட்சி மூன்று. என் வீட்டுக்காரருக்குச் சரித்திரம். கோட்டை, கல்லறை, கல்வெட்டு எதையும் விடமாட்டார். அறிவிப்புப் பலகையைக்கூட "இந்தப் பக்கம் எச்சில் துப்பாதீர்" வரைக்கும் படித்து முடிப்பார். பிள்ளைகளுக்குப் பனி. பெரியவன் கல்லூரி, சின்னவள் ஏழாம் வகுப்பு. இருவருமே பனியை 'ரோஜா' படத்தோடு சரி, நேரில் பார்த்ததில்லை. என் மாமியாருக்குக் கோயில். அத்தைக்கு லால்குடிப் பக்கம் ஊர். காவிரித் தண்ணீரில் விவசாயம் பார்த்த குடும்பம். நான் எந்தக் கட்சியிலும் இல்லை. அடுப்படியைப் பார்க்காமல் இருக்க முடிகிற எந்த ஊரும் எனக்குப் புண்ணியத் தலம்தான்.

வீட்டுக்காரர் எக்செல்லில் திட்டம் போட்டார். வரலாறு, நினைவிடம், மலை என்று மூன்று பத்தி. ஒவ்வொன்றுக்கும் நேரம். பொற்கோயில் சாப்பாடு 40 நிமிடம். ஜாலியன்வாலா பாக் 20 நிமிடம். பனி 3 மணி நேரம். பிரிண்ட் எடுத்து லேமினேட்டும் செய்துகொண்டார். லேமினேட் செய்த காகிதத்தில் திருத்தம் எழுத முடியாது என்பதுதான் அதன் சூட்சுமம்.

அடுத்தது ஸ்வெட்டர். குளிர் மாதங்களில் திபெத்தியர்கள் நம்மூர்ப் பக்கம் வந்து வரிசையாகக் கடை போட்டு உல்லன் துணி விற்பார்கள். இமயமலைக்காரர்களே விற்கிறார்கள், அசல் மலைச் சரக்கு என்று நம்பித்தான் ஆளுக்கொன்று வாங்கினோம். அவர்கள் அதையெல்லாம் மொத்தமாக வாங்குவது லூதியானாவில் என்று, அமிர்தசரஸ் போகிற ரயிலில் எதிர் சீட்டு மாமா ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. ரயில் அப்போது லூதியானாவில் நின்றுகொண்டிருந்தது. எங்கள் ஸ்வெட்டர்கள் தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்களைப் போலப் பிறந்த வீட்டு வாசலில் வந்து நின்றன. பிளாட்பாரத்தில் அதே டிசைன் போட்டிருந்த ஒருவரிடம் அத்தை சைகையிலேயே விலை கேட்டார். அவரும் விரலில் காட்டினார். அதன்பிறகு ஜலந்தர் வரை வீட்டுக்காரரிடம் யாரும் பேசவில்லை.

புடவைக்கு ஸ்வெட்டர் உள்ளேயா வெளியேயா என்பது இன்னும் தீராத வழக்கு. உள்ளே போட்டால் ரவிக்கை ஏறாது. வெளியே போட்டால் பட்டுப் புடவை கட்டியது தெரியாது. அத்தை வெளியே போட்டு, அதற்கு மேல் சால்வை, அதற்கு மேல் மங்கி குல்லாய் என்று வந்து நின்றபோது, கண்ணாடியும் மூக்கும் மட்டும்தான் மாமியார். மற்றதெல்லாம் கம்பளி. எங்கள் டெல்லிப் போட்டோக்களில் யார் எது என்று இன்றுவரை தகராறு.

டெல்லியைப் பற்றி அதிகம் சொல்ல முடியாது, அதிகம் தெரியவில்லை என்பதால். பனிமூட்டத்தில் ரயில் தவழ்ந்து தவழ்ந்து, ஞாயிறு விடியலில் சேர வேண்டியது ஞாயிறு ராத்திரிதான் சேர்ந்தது. திட்டத்தின் ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் ஜன்னல் வழியாக வெள்ளையாகப் பார்த்தோம். மறுநாள் திங்கள், செங்கோட்டைக்கு விடுமுறை. சரி, குதுப்மினார் போகலாம் என்று போனோம். அதன் உயரம் 72.5 மீட்டர் என்று பலகை படிக்காமலே சொன்னார் வீட்டுக்காரர். கீழ் அடுக்கும் அதற்கு மேலே கொஞ்சமும்தான் தெரிந்தது. மிச்சம் மூட்டத்துக்குள் போய்விட்டது. "டிக்கெட் முழு மினாருக்குமா வாங்கினீங்க?" என்று பெரியவன் கேட்டான். பக்கத்தில் இருக்கிற இரும்புத் தூண் மட்டும் உயரம் குறைவு என்பதால் முழுசாகத் தெரிந்தது. ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேலாகியும் பெரிதாகத் துருப்பிடிக்கவில்லை என்றதும் அத்தை தூணைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நம்ம வீட்டு மொட்டைமாடிக் கேட்டுக்கு இவங்ககிட்ட சொல்லியிருக்கலாம்" என்றார்.

செவ்வாயன்று பிர்லா மாளிகை. இப்போது காந்தி ஸ்மிருதி. 1948 ஜனவரி 30 மாலை காந்தி அறையிலிருந்து பிரார்த்தனைக்கு நடந்துபோன பாதையில், அவர் காலடிகளைச் சிமென்டில் வைத்திருக்கிறார்கள். புல்வெளியை ஒட்டிப் போய்க்கொண்டே இருக்கும் காலடி, ஓரிடத்தில் நின்றுவிடும். சின்னவள் அந்தத் தடங்களுக்குப் பக்கத்திலேயே, மிதிக்காமல், அடி வைத்து நடந்து போனாள். கடைசித் தடம் வந்ததும் திரும்பி எங்களைப் பார்த்தாள். அவ்வளவுதான். வீட்டுக்காரர் சொல்ல வைத்திருந்த விவரங்களைச் சொல்லவில்லை.

குளியல் விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். குளிக்காமல் காபி குடிப்பதில்லை என்பது அத்தை புகுந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் காத்த விரதம். டெல்லி லாட்ஜில் கீசர் ஒரு வாளி வெந்நீரோடு பெருமூச்சு விட்டு நின்றுவிடும். முதல் நாள் அத்தை குளித்தார். இரண்டாம் நாள், "முழுகினாத்தான் குளியலா, முகம் கழுவுறதும் ஸ்நானம்தான்" என்று புதிய ஆகமம் வந்தது. அமிர்தசரஸில் விபூதியே போதும் என்றாகிவிட்டது. என் மகன் அந்த ஆகமத்தை அவருக்கு முன்பே கடைப்பிடித்து வந்தான், சென்ட் பாட்டிலின் துணையோடு.

பொற்கோயிலில் செருப்பை மட்டுமல்ல, சாக்ஸையும் கழற்ற வேண்டும். டிசம்பர் மாதத்துச் சலவைக்கல்லில் வெறுங்காலை வைத்ததும் பெரியவன் பரதம் ஆட ஆரம்பித்தான். நடைபாதையில் விரிப்பு போட்டிருக்கிறார்கள். கூட்டம் முழுக்க அந்த ஓரமாகவே ஒட்டி நகர்ந்தது. நடுக்குளத்தில் தங்கம் தகதகவென்று அசைந்துகொண்டிருக்க, அத்தை நின்று நிதானமாகக் கும்பிட்டுவிட்டு, "சாமி எங்கே?" என்றார். புத்தகம்தான் சாமி, குரு கிரந்த சாகிப் என்று விளக்கினார் வீட்டுக்காரர். "நல்லதுதான், படிச்ச சாமி" என்று ஏற்றுக்கொண்டார்.

கோயில் சாப்பாட்டுக் கூடமான லங்கரில்தான் சிக்கல். வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, தட்டு வாங்கி, ரொட்டியை இரண்டு கையாலும் ஏந்தி வாங்க வேண்டும். பருப்பு, ரொட்டி, பாயசம். கோடீஸ்வரனானாலும் கூலிக்காரனானாலும் ஒரே வரிசை, காசு கிடையாது. அந்தக் கடைசி விஷயம் அத்தைக்கு ஒப்பவில்லை. "ஓசிச் சோறு நான் தின்னதில்லை" என்றார். தின்றார். பாயசம் இரண்டாம் முறையும் வாங்கினார். பிறகு கணக்குத் தீர்க்க வேண்டுமே. வெளியே வந்தால், மலைபோலக் குவித்த பூண்டைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் உட்காரலாம். அத்தை சால்வையை இடுப்பில் சொருகிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு நிமிடம் சும்மா பார்த்தார். மூன்றாவது நிமிடம், பக்கத்திலிருந்த பஞ்சாபி அம்மாளின் கையிலிருந்து பூண்டை வாங்கி, "இப்படி நகத்தால கிள்ளினா ராத்திரிக்கு எரியும்மா, அடியைத் தரையில வச்சு அழுத்து" என்று காட்டினார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே பஞ்சாபியில் ஏதோ சொல்ல, அத்தை தமிழில் பதில் சொல்ல, எழுந்து வரும்போது அவருக்கு எத்தனை பிள்ளைகள், எந்த மருமகள் சரியில்லை என்பதுவரை தெரிந்திருந்தது. எப்படி என்று கேட்டேன். "மருமகளைப் பத்திப் பேசறப்ப முகத்தைப் பாத்தாலே தெரியும்" என்றார். மேற்கொண்டு நான் கேட்கவில்லை. நாற்பது நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது.

அங்கிருந்து ஜாலியன்வாலா பாக் நடக்கிற தூரம்தான். பூண்டுக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டேதான் போனோம். உள்ளே போகிற வழி ஒரு சந்து. 1919 ஏப்ரல் 13, வைசாகி நாளில், ஆங்கிலேய அதிகாரி டயர், சிப்பாய்களை நடத்திக்கொண்டு போனது இந்தச் சந்தில்தான். கொண்டுவந்த இரண்டு கவச வண்டிகளும் நுழைய முடியாமல் வெளியே நின்றுவிட்ட அளவுக்குக் குறுகல். உள்ளே கூடியிருந்த ஜனங்களை, கலைந்து போங்கள் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், பத்து நிமிடம் போலச் சுட்டார்கள். 1,650 ரவுண்டு. செத்தது 379 பேர் என்று அரசாங்கம் எழுதிக்கொண்டது. ஆயிரம் பேர் வரை என்றது காங்கிரஸ் விசாரணை.

2021-ல் இடத்தைப் புதுப்பித்தபோது அந்தச் சந்தின் சுவர்களில், சிரித்த முகத்தோடு ஜனங்கள் நடந்து வருவதுபோல் சிற்பங்கள் வைத்துவிட்டார்கள். திருவிழாவுக்கு வந்தவர்கள்தான், சிரித்துக்கொண்டுதான் வந்திருப்பார்கள். ஆனாலும் வெறும் செங்கலாகவே விட்டிருக்கலாம். சிலைகளோடு தோளில் கைபோட்டு செல்ஃபி எடுக்கிற கூட்டத்தை விலக்கிக்கொண்டுதான் உள்ளே போக முடிந்தது.

உள்ளே தோட்டம். ஒரு சுவரில் குண்டு பாய்ந்த குழிகளைச் சுற்றிச் சதுரமாக வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள். சில குழிகள் ஆள் உயரத்துக்கு மேலே, சில என் இடுப்பு உயரத்தில். சின்னவளுக்கு அது நெஞ்சு உயரம். அவள் சுவரையும், வந்த சந்தையும் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ சின்ன வழியில எல்லாரும் எப்படி வெளியே போனாங்க?" என்றாள்.

"போகலை கண்ணு" என்றார் அத்தை.

பக்கத்தில் கிணறு. தப்பிக்கக் குதித்தவர்களின் 120 உடல்களை எடுத்ததாகப் பலகை சொல்கிறது. கிணறு பார்த்தே வளர்ந்தவர் அத்தை. எட்டிப் பார்க்கவில்லை, நாலடி தள்ளியே நின்றார். இருபது நிமிடம் என்று போட்டிருந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் அட்டாரி எல்லையில் கொடியிறக்கம் பார்ப்பதாகத் திட்டம். டிரைவர் இரண்டு முறை போன் செய்தார். யாரும் போகலாம் என்று சொல்லவில்லை, போகவுமில்லை.

மறுபடி பேச்சு வந்தது கால்கா-சிம்லா ரயிலில்தான். 1903-ல் திறந்த குட்டிப் பாதை; இரண்டரை அடி அகலத் தண்டவாளம், 96 கிலோமீட்டர், 102 சுரங்கம். ஒவ்வொரு சுரங்கத்திலும் பெட்டி முழுக்க 'ஓ'வென்று கத்துவது அங்கே சம்பிரதாயம்போல. முதலில் பிள்ளைகள் கத்தினார்கள். இருபதாவது சுரங்கத்தில் வீட்டுக்காரர் சேர்ந்துகொண்டார். பரோக் ஸ்டேஷனில் வண்டி நின்றதும் எல்லோரும் பிரெட்டுக்கும் கட்லெட்டுக்கும் ஓடினார்கள். இவர் மட்டும் கட்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கதை சொன்னார். பரோக் என்ற எஞ்சினியர் மலையின் இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் சுரங்கம் தோண்டச் சொன்னாராம். கணக்கு பிசகி இரண்டும் நடுவில் சந்திக்கவே இல்லை. அரசாங்கம் ஒரு ரூபாய் அபராதம் போட்டது. அவமானம் தாங்காமல் உயிரை விட்டார் என்பது அந்தப் பக்கம் எல்லோரும் சொல்கிற கதை. "திட்டம் போட்டு சொதப்பினதுக்கு ஒரு ரூபாதானா?" என்று பெரியவன் லேமினேட் அட்டையைப் பார்த்தபடியே கேட்டான். கட்லெட் ஆறிப்போயிருந்தது.

சிம்லாவில் பனி இல்லை. "ஜனவரியில் வாங்க" என்றார் டீக்கடைக்காரர். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியாமல், முதலில் ஜாக்கு மலை ஆஞ்சநேயரைப் பார்க்கப் போனோம். 108 அடி சிலை. அவருடைய பரிவாரமும் அங்கேதான் குடியிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரும் எச்சரிக்கிறார்கள். பலகையை முழுசாகப் படிக்கிறவருக்குக் கண்ணாடியைக் கழற்றினால் பலகை தெரியாது. ஒரு குரங்கு தோளில் ஏறி, ரொம்ப மரியாதையாக, காதுகளிலிருந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனது. பிரசாதக் கடைக்காரர் ஒரு பொரிப் பொட்டலத்தை வீசி, பண்டமாற்றில் மீட்டுத் தந்தார். ஒரு பக்கம்தான் கண்ணாடி இருந்தது. பொட்டலத்துக்கு அவர் வாங்கிய விலையைப் பார்த்தால், குரங்குக்கும் அவருக்கும் பங்குதாரர் ஒப்பந்தம் இருக்க வேண்டும். திட்ட அட்டையின் வாழ்வு அத்தோடு முடிந்தது.

ஒற்றைக் கண்ணாடியோடுதான் வைஸ்ராய் மாளிகைக்கு வந்தார். 1888-ல் கட்டி முடித்தது. 1965-லிருந்து உயர் ஆய்வு நிறுவனம், ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தது. வெள்ளைக்காரன் வெயிலுக்குப் பயந்து சித்திரையில் ஃபைல் கட்டோடு மலையேறி, குளிருக்குப் பயந்து ஐப்பசியில் இறங்கிவிடுவான். நாங்கள் மார்கழியில் ஏறியிருந்தோம். புல்வெளி, ரோஜாப் பாத்தி, சுற்றிலும் தேவதாரு. "அந்த வருஷமும் இங்கேதான் இருந்தாங்களா?" என்று சின்னவள் கேட்டாள். எந்த வருஷம் என்று யாரும் கேட்கவில்லை. அப்போது வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு, கோடையில் குடியிருந்தது இந்த வீட்டில்தான் என்றார் வீட்டுக்காரர். அவருடைய நிர்வாகக் கவுன்சிலில் நம் மெட்ராஸ் ஹைகோர்ட்டில் ஜட்ஜாக இருந்த சங்கரன் நாயர் ஒருவர்தான் இந்தியர். பஞ்சாபில் நடந்ததைக் கண்டித்து அதே 1919-ல் பதவியை விட்டெறிந்தார் என்றும் சொன்னார். "ஒருத்தராவது விட்டாரே" என்றாள். அட்டையில் மூன்று பத்தியாக இருந்தது அவளுக்கு ஒரே பத்தியாகிவிட்டது.

கடைசி நாள் குஃப்ரி. வாடகைக்கு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கணுக்கால் வரை மயிர்க் கோட்டு. பக்கத்து வியாபாரி இன்னொரு கோட்டு கொடுக்க வந்தார். கோட்டுக்குள் ஏற்கெனவே இரண்டு ஸ்வெட்டர் இருப்பதைத் திறந்து காட்டியதும் கும்பிட்டுவிட்டுப் போனார். சேற்றில் மட்டக்குதிரை ஏறி, இறங்கி, ஒருவழியாக மரநிழலில் பழைய பனி ஒரு திட்டு கண்டுபிடித்தோம். விளிம்பெல்லாம் மண் நிறம். பிள்ளைகள் பாய்ந்து மிதிக்கப் போனார்கள். "இது உருகித்தான் ஆத்துல தண்ணியா வருது பாட்டி" என்று பெரியவன் பெருமையாகச் சொன்னதுதான் தாமதம், அத்தை இரண்டு பேரின் கையையும் பிடித்து இழுத்துவிட்டார்.

"தண்ணிங்கறே, அதைப்போய் பூட்ஸ் காலால மிதிக்கறியே? தள்ளி நில்லு!"

ஐம்பது பேர் உருண்டு புரண்டு விளையாட, எங்கள் குடும்பம் மட்டும் பனிக்கு வெளியே வரிசையாக நின்று, குனிந்து, விரல் நுனியால் தொட்டுப் பார்த்துக்கொண்டது. அத்தையின் தலை அந்தப் பக்கம் திரும்பியபோது சின்னவள் ஒரு உருண்டை பிடித்து அப்பாவின் கண்ணாடியில்லாத பக்கமாகப் பார்த்து எறிந்தாள்.

ஊருக்கு வந்த மறுநாள் எதிர்வீட்டு அம்மா விசாரிக்க வந்தார். அத்தை அரைமணி நேரம் பூண்டு உரித்ததையும், அந்தப் பஞ்சாபி அம்மாளின் இரண்டாவது மருமகளையும் பற்றிச் சொன்னார். அந்தத் தோட்டத்துச் சந்தைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். டெல்லியைத் தெரியவில்லை என்றார்.

"அப்ப பனி? பனி பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன். மலை மேல கேட்பாரில்லாமக் கெடக்கு. போறவன் வர்றவன்லாம் மிதிக்கறான்."