அடைப்பிரதமனும் பணிவரிசையும்: ஓர் ஆராய்ச்சி

காந்தளூர்ச் சாலை இருந்த இடம் திருவனந்தபுரத்து வலியசாலை என்பர். முதலாம் ராஜராஜன் அங்கே என்னதான் செய்தான் என்று கல்வெட்டறிஞர்கள் ஒரு நூற்றாண்டாக முட்டிக்கொள்கிறார்கள். அதனினும் சிக்கலான வினா அதே தெருவில் கேட்பாரற்றுக் கிடக்கிறது: கல்யாணச் சமையல் ஆர்டர்களைப் பைத்தானில் வாங்கிப் பின்னணியில் அனுப்ப எந்த மெசேஜ் க்யூ உகந்தது?

ஆய்வுக்காக அக்கிரகாரத்துச் சமையற்காரராகிய தேகண்டக்காரர் ஒருவரைக் கற்பித்துக்கொள்வோம். மாலை ஆறு மணிக்கு ஒரு வீட்டார் அடைப்பிரதமன் பாயசத்துக்குப் பதிகிறார்கள். மறுநாள் காலை நான்கு மணிக்குத் தேகண்டக்காரர் போனுக்குச் செய்தி போகவேண்டும்.

காஃப்கா என்பாரும் உளர். அஃது அன்று. லிங்க்ட்இன் 2011இல் வெளியிட்ட அது வரிசையைவிடப் பதிவேட்டுக்கே நெருக்கம். வாசலில் முடிவின்றிக் காக்கவைக்கும் எழுத்தாளரின் பெயரைச் சூட்டியது மட்டும் பொருத்தம்.

செலரியும் ரெடிஸும் என்பாரே பெரும்பான்மையர். நேரம் குறித்த வேலையைச் செலரி வொர்க்கர் உடனே வாங்கி மடியில் கட்டிக்கொள்ளும். நேரம் வரும்வரை ஒப்புகை தராது. ரெடிஸ் வழியில் இதற்குப் பொறுமை, நாம் மாற்றாதவரை, ஒரு மணி நேரம். கெடு கடந்தால் வொர்க்கர் செத்ததாகக் கொண்டு வேலை மறுபடி வரிசைக்கு வரும். இன்னொரு வொர்க்கர் அதை மடியில் கட்டும். ஆறு மணிக்குப் பதிந்த ஒரு பிரதமன் விடிவதற்குள் பல பிரதமன். கெடுவை நீட்டலாமே எனின், நிஜமாகவே செத்த வொர்க்கரின் வேலையும் அவ்வளவு நேரம் கிடக்கும்.

ராபிட்எம்க்யூவுக்கு ஓடியும் பயனில்லை: பல பதிப்புகளில், நாம் மாற்றாதவரை, 30 நிமிடம் ஒப்புகை வராவிட்டால் அது சேனலையே மூடிவிடும்.

இனி நம் கருத்து. ஆர்டர் எப்படியும் போஸ்ட்கிரஸில் கிடக்கிறது. 2016இல் வந்த 9.5 பதிப்பு முதல் அதில் ‘ஸ்கிப் லாக்ட்’ உண்டு. ஒரு வொர்க்கர் பூட்டிய வரியை மற்றது தாண்டிப் போகும். அனுப்பும் நேரத்துக்கு ஒரு கட்டம், அனுப்பியாயிற்றா என்பதற்கு ஒரு கட்டம், நிமிடத்துக்கொருமுறை எட்டிப்பார்க்கும் சிறு நிரல். சின்னக் கடைக்கு இது தாராளம்.

செய்தி போனபின், குறிப்பதற்குமுன் கரண்ட் போனால்? இரண்டாம் செய்தி போகத்தான் செய்யும். எந்த வரிசையை வாங்கினாலும் இந்த இடைவெளி தானாக அடையாது. ஆதலின் செய்தியிலேயே ஆர்டர் எண் இருக்கவேண்டும். அதே எண் மறுபடி வந்தால் தேகண்டக்காரர் இரண்டாம் உருளியை ஏற்றக்கூடாது.

பிரதமன் இரட்டித்தால் வலியசாலையில் வருந்துவார் யார் என்றொரு மறுப்பு உண்டு. அதற்கு நம்மிடம் விடையில்லை.